தேன்மொழிக்கு, பிஸ்டல் வாங்கும் முன்

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய மூன்று பிஸ்டல் படங்களையும் பார்த்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அதை நீயே சொல்லிக்கொள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டால் உனக்கும் போதாது, எனக்கும் மனசு ஆறாது. அதனால் கடிதம்.

வாங்காதே என்று எழுதப்போவதில்லை. பட்டாளத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து பென்ஷன் வாங்குகிறவன் மகளிடம் துப்பாக்கியே தொடாதே என்றால் நீயே சிரிப்பாய். "எது நல்லதுப்பா?" என்று கேட்டிருக்கிறாய். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை அந்தப் பிஸ்டல் எங்கெங்கே இருக்கும் என்று எழுதிப் பார்.

மருத்துவமனையில் நைட் ஷிப்ட் முடிந்து பார்க்கிங்குக்கு நடக்கும்போதுதான் பயம் என்கிறாய். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள 21 வயது நிறைந்தவர் லைசன்ஸ் இல்லாமலே இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ளலாம். சரி. ஆனால் மருத்துவமனைக் கட்டடத்துக்குள் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கொண்டுபோக முடியாது. ஊழியர்கள் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் போக அங்கே சட்டம் இடம் தருகிறது. அப்படியானால் நீ எந்த நடைக்குப் பயப்படுகிறாயோ அந்த நடையில் பிஸ்டல் காரில் இருக்கும், நீ வெளியில் இருப்பாய். அந்த நடைக்குத் தீர்வு செக்யூரிட்டி ஆள். காருக்குத் துணைக்கு வரச் சொல்லிக் கேள். கூச்சப்படாதே, அது அவர்கள் வேலை.

மிச்சம் என்ன? இரவில் பெட்ரோல் போடும் இடம், நீளமான ஹைவே, வீடு. இவற்றுக்காக வாங்குகிறாய் என்றால் வாங்கு. ஆனால் காரில் விடும் ஒவ்வொரு இரவும் அது திருட்டுப் போக வாய்ப்புள்ள இரவு. கண்ணாடியை உடைத்தால் கிளவ் பாக்ஸ் எத்தனை நொடி தாங்கும்? இரும்புக் கேபிளால் சீட்டின் சட்டத்தோடு கட்டிப் பூட்டும் சின்னப் பெட்டி விற்கிறார்கள். அதன் விலையையும் பிஸ்டல் விலையோடு சேர்த்துக்கொள். பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகும்போதும், பேரன் கதிரைப் பள்ளியில் விடப்போகும்போதும் என்ன செய்வாய் என்பதையும் அதே தாளில் எழுது. துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று 30.05, 30.06, 30.07 என எண் போட்டு வைக்கும் அறிவிப்புப் பலகைகள், மது அருந்தும் பார் வாசலில் சிவப்பில் 51% என்ற பலகை, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று படித்து வைத்துக்கொள்.

லைசன்ஸ் தேவையில்லைதான், இருந்தாலும் எடு. வகுப்பில் சட்டம் சொல்லித் தருவார்கள். தேர்வில் 3, 7, 15 கஜத்தில் மொத்தம் 50 ரவுண்டு (தோட்டா) சுட வேண்டும். அதுவே பெரிய பயிற்சி என்று நினைத்துவிடாதே, அது குறைந்தபட்சம். வேறு சில மாநிலங்களில் அந்த அட்டை செல்லும். எடிசனில் சித்தி வீட்டுக்குப் போகும்போது மட்டும் ஞாபகம் வை: நியூஜெர்சி வேறு எந்த மாநிலத்து லைசன்ஸையும் ஏற்பதில்லை.

இனி படங்களுக்கு வருகிறேன். கடைக்காரர் "லேடீஸுக்கு இதுதான்" என்று கையில் கொடுத்தாராம் அந்தக் குட்டி ரூகர் எல்சிபி. எடை சுமார் 270 கிராம், .380 தோட்டா. பாக்கெட்டில் போட்டால் தெரியாது என்பது உண்மை. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது, கண்ணு. ஒரே தோட்டாவை எடை குறைந்த பிஸ்டலில் சுட்டால் உதை கூடும், இது வெறும் கணக்கு. எங்கள் பட்டாளத்துப் பிஸ்டலான 9 எம்எம் 1ஏ, இஷாப்பூர் தொழிற்சாலையில் பிரௌனிங் மாதிரியில் செய்தது, ஒரு கிலோவை நெருங்கும் இரும்பு. புதிதாக வந்த பையன்கூட அதில் நிதானமாகச் சுடுவான். இந்தக் குட்டியில் சுண்டுவிரலுக்கு இடம் இல்லை, குறிபார்க்கும் முனையும் பெயருக்குத்தான் இருக்கிறது. சுட்டுப் பழக இஷ்டமில்லாத பிஸ்டலோடு யாரும் பழகுவதில்லை. பெண்ணுக்குச் சின்னது என்ற கடைக்கார யோசனையில் எனக்கு உடன்பாடே இல்லை. நிறையச் சுட்டுத் தேர்ந்தவன் கடைசியாக வாங்குகிற சாமான் அது.

மற்ற இரண்டும், சிக் சாவர் பி365, குளோக் 43எக்ஸ், கவனிக்க வேண்டியவை. 2018இல் சிக் சாவர் பி365 வருவதற்கு முன்னால் இந்த அளவு 9 எம்எம் பிஸ்டல்களில் ஆறு, ஏழு, எட்டு ரவுண்டுதான் பிடிக்கும். மேல்புறம் குறுகி வரும் இரட்டை வரிசை மேகசினால் (தோட்டா அடுக்கும் கூடு) அவர்கள் பத்தைப் பிடிக்க வைத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த குளோக் 43எக்ஸும் பத்துதான், ஆனால் கைப்பிடி நீளம். இரண்டுமே அரைக் கிலோவை ஒட்டிய எடை. உடைக்கு மேல் புடைத்துக் காட்டிக்கொடுப்பது குழல் இல்லை, கைப்பிடி. குழல் இடுப்புக்குக் கீழே இறங்கிவிடும், கைப்பிடிதான் குனியும்போது சட்டையைத் தூக்கும். அதனால் 43எக்ஸ் கையில் நன்றாக உட்காரும், மறைப்பது கொஞ்சம் சிரமம். பி365 நேர் எதிர். உன் கை எனக்குத் தெரியும், உன் அம்மாவின் கை. முதலில் பி365ஐப் பிடித்துப் பார், சுண்டுவிரல் தொங்கினால் நீட்டிய மேகசின் போட்டுப் பார்.

இதைவிட முக்கியம் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் நகரும் மேல்பகுதியை, பின்னால் இழுப்பது. குட்டிப் பிஸ்டல்களில் ஸ்லைடு எடை குறைவு, பின்னால் போகும் தூரமும் குறைவு. அதற்கு ஈடுகட்ட ஸ்பிரிங்கைக் கெட்டியாக வைக்கிறார்கள். கடையில் ஒரு தடவை இழுத்துவிட்டு "முடியுது" என்று சொல்லாதே. ஷிப்ட் முடிந்த களைப்பில், ஈரக் கையோடு, பத்துத் தடவை தொடர்ந்து இழு. முடியவில்லை என்றால் அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஸி என்று ஒன்று இருக்கிறது, 9 எம்எம்மில் 2020இல் வந்தது. ஸ்லைடு லேசாக வரவேண்டும் என்றே அமைத்தது. கைப்பிடியின் பின்பக்கத்தில் ஒரு சேஃப்டி இருக்கும், இறுக்கிப் பிடித்தால்தான் வெடிக்கும். நாலாவதாக அதையும் பட்டியலில் சேர்.

நான் அங்கே இருந்து நாலு நாள் கூட வந்தால் இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடியும் என்று நினைக்கிறாய் இல்லையா? முடியாது. விசிட்டர் விசாவில் வருகிறவன் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் இடம் தருவதில்லை. வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விலக்கு உண்டு, அதற்காக நான் மான் வேட்டைக்குக் கிளம்பப் போவதில்லை. காலமெல்லாம் துப்பாக்கியைப் பிரித்து மாட்டியவன் உன் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். இது வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. உன் நாத்தனார் எஃப்-1 மாணவர் விசாவில் உங்களோடு தங்கியிருக்கிறாள். நீ சிட்டிசன், அவள் இல்லை, அவளுக்கும் அதே தடைதான். துப்பாக்கிப் பெட்டியின் பூட்டு நம்பர் அவளுக்குத் தெரியவே கூடாது. மாப்பிள்ளைக்கும் இதைச் சொல்லி வை.

வாங்குவதற்கு முன் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடு. காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி. ஏழு கஜத்தில் காகிதம் வைத்து, முதலில் மெதுவாக ஐந்து. பிறகு அதே ஐந்தை வேகமாக. மெதுவாகச் சுடும்போது எல்லாப் பிஸ்டலும் நல்ல பிஸ்டல்தான். வேகமாகச் சுடும்போது குண்டுகள் எங்கே சிதறுகின்றன என்று பார். ஐம்பது ரவுண்டுக்குப் பிறகு கட்டைவிரல் அடிப்பக்கம் வலிக்கிறதா, மேகசினை எடுக்கும் பட்டனுக்குப் பிடியை மாற்றாமல் விரல் எட்டுகிறதா, கடைசித் தோட்டாவை மேகசினில் அழுத்த முடிகிறதா என்று கவனி. வாங்கிய பின் இருநூறு ரவுண்டாவது சுடாமல் அதை நம்பாதே. அதில் இரண்டு மேகசினாவது நீ உண்மையில் போட்டு வைக்கப்போகும் ஹாலோ பாயின்ட் (குழிமுனை) தோட்டாவாக இருக்கட்டும். உருண்டை முனைத் தோட்டாவை வழுக்கிக்கொண்டு சேம்பருக்கு (குழலின் பின்முனை அறைக்கு) ஏற்றும் பிஸ்டல், குழிமுனைத் தோட்டாவில் சிக்கிக்கொள்வது உண்டு. ஒரே மேகசினில் மட்டும் ஸ்டாப்பேஜ் (சுடாமல் சிக்கி நிற்பது) வந்தால் குறை மேகசினில். எல்லாவற்றிலும் வந்தால் திருப்பிக் கொடு.

ஹோல்ஸ்டரில் காசு மிச்சம் பிடிக்காதே. ட்ரிகரை முழுசாக மூடும் கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறையும் தடித்த பெல்ட்டும் வேண்டும். துணி உறை மடங்கி ட்ரிகருக்குள் நுழையும். லெக்கிங்ஸ் போடும் நாளில் பெல்ட் இல்லை என்றால், அன்றைக்கு அது வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். முதலில் சில வாரம் வீட்டுக்குள் காலிப் பிஸ்டலை இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார், குனி, காரில் ஏறி இறங்கு. தோட்டா அப்போது வேறு அறையில். எடுப்பதைவிட உறைக்குள் திருப்பி வைக்கும்போதுதான் ஆபத்து, நின்று, பார்த்து, விரல் வெளியே இருக்க, மெதுவாக வை.

கைப்பையில் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலம் ஹேடன் ஊரில் ஒரு கடைக்குள் இரண்டு வயதுப் பையன், தள்ளுவண்டியில் உட்கார்ந்தபடி அம்மாவின் பைக்குள் கைவிட்டான். துப்பாக்கிக்கென்றே ஜிப் வைத்துத் தைத்த பை அது. அந்தத் தாய் அங்கேயே இறந்துபோனார். கதிருக்கு நாலு வயது, உன் பையில் சாக்லேட் தேடுகிற பிள்ளை. 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு எட்டும்படி குண்டு போட்ட துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றம் என்பதெல்லாம் அப்புறம். இடுப்பில், இல்லையென்றால் பூட்டிய பெட்டியில். மூன்றாவது இடம் கிடையாது. பெட்டிக்கு விரல் ரேகைப் பூட்டை நம்பாமல், பொத்தானை அழுத்தித் திறக்கும் பேட்டரி இல்லாத மெக்கானிக்கல் பூட்டாக வாங்கு.

இன்னும் ஒன்று. டிசம்பரில் வரும்போது, ரேஞ்சுக்கு எடுத்துப்போன பையில் துணி அடுக்கி எடுத்து வராதே. அடியில் ஒரே ஒரு தோட்டா உருண்டு கிடந்தாலும் சென்னை ஏர்போர்ட்டில் ஸ்கேனரில் தெரியும். 1959 ஆயுதச் சட்டத்தில் கேஸ், பாஸ்போர்ட் சிக்கல், கோர்ட் அலைச்சல். 9 எம்எம் இங்கே தனியார் வைத்திருக்கவே தடைசெய்யப்பட்ட குழல் அளவு, இன்னும் மோசம். ரேஞ்சுக்கு ஒரு பையைத் தனியாக ஒதுக்கி, அதன்மேல் மார்க்கரால் பெரிதாக எழுதிவிடு. மாப்பிள்ளை அவசரத்தில் எந்தப் பையை எடுப்பார் என்று உனக்குத் தெரியும்.

நாலையும் சுட்டுப் பார்த்துவிட்டு காகிதங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. எந்தக் காகிதம் எந்தப் பிஸ்டல் என்று பின்னால் எழுதி வை, முன்னால் எழுதாதே. முதலில் குண்டு விழுந்த இடத்தை மட்டும் பார்த்து நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா