கூரையிலிருந்து விழுந்தவருக்கும் உரிமை உண்டு

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரைத் தானே படிக்கிறாள். மற்ற கதைகளை அப்புறம் எழுதுகிறேன். நீ கேட்டதுதான் அவசரம்.

உங்கள் தெருவில் கூரை வேலையில் விழுந்து இடுப்பு முறிந்த அந்த குவாத்தமாலாக்காரர், விசா இல்லாததால் தனக்கு இழப்பீடு எதுவும் கிடைக்காது என்று பயந்து படுத்திருக்கிறார் என்கிறாய். கிடைக்கும், குமார். உன் கடிதம் வந்ததும் உங்கள் கலிபோர்னியா மாநிலச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். வேலைக்கு வைத்தது முறையானதா இல்லையா என்று பார்க்காமல், வேலை செய்தவரைத் தொழிலாளியாகவே அது எடுத்துக்கொள்கிறது. சிகிச்சை உண்டு; வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு உண்டு; உடம்பில் நிரந்தரக் குறை நின்றுவிட்டால் அதற்கும் தொகை உண்டு. பழைய வேலையைத் திருப்பிக் கேட்பதுதான் கடினம், அங்கே மத்திய அரசின் குடியேற்றச் சட்டம் குறுக்கே வரும்.

முதல் வேலையாக, அடிபட்ட 30 நாளுக்குள் முதலாளிக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல். தெரிந்த மறு வேலைநாளுக்குள் அவர் இழப்பீடு கேட்பதற்கான டிடபிள்யூசி-1 படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். அதை நிரப்பிக் கொடுத்துவிட்டால், காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்லும் வரை 10,000 டாலர் வரைக்கும் சிகிச்சைச் செலவை ஏற்க வேண்டும். முதலாளி காப்பீடே எடுக்கவில்லை என்றாலும் அதற்கென்று மாநிலத்தில் ஒரு நிதி இருக்கிறது. இந்த வழக்குகளில் வக்கீல்கள் முன்பணம் கேட்பதில்லை, கிடைக்கும் தொகையில் நீதிபதி அனுமதிக்கும் பங்கைத்தான் எடுக்கிறார்கள். "குடியேற்றத் துறைக்குச் சொல்லிவிடுவேன்" என்று முதலாளி மிரட்டினால் அதுவே அங்கே சட்டமீறல்.

ஒரு எச்சரிக்கை: இது எல்லா மாநிலத்துக்கும் பொருந்தாது. வயோமிங்கில் வேலை அனுமதி இல்லாதவர்களுக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. ஃபுளோரிடா சட்டம் அவர்களைச் சேர்த்துக்கொள்கிறது, ஆனால் வேறொருவர் அடையாள எண்ணைக் கொடுத்து வேலைக்குச் சேர்ந்திருந்தால் மோசடி வழக்கு போடுகிறார்கள். அடிபட்டவரையே சிறைக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. வேலை அனுமதிப் பேப்பர் இல்லாதவருக்கு இழப்பீடு கிடையாது என்று வைத்தால், உயரத்தில் ஏற்றுவதற்கு முதலாளி யாரைத் தேடுவார்? விழுந்தால் செலவு வைக்காத ஆளைத்தான். குடியுரிமைக் கேள்வியை அரசு எப்படி வேண்டுமானாலும் தீர்த்துக்கொள்ளட்டும். முறிந்த இடுப்புக்கு வேலை வாங்கியவர்தான் பொறுப்பு.

இங்கேயும் இதே கதைதான் நடக்கிறது. போரூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் சாரம் சரிந்து விழுந்த ஒரு பெயிண்டரின் வழக்கு இப்போது என்னிடம். கும்மிடிப்பூண்டி இலங்கை அகதி முகாமில் பிறந்து வளர்ந்த பையன். அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அவனுக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கே வந்து, கொஞ்சம் பணத்தைக் கையில் வைத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "கேஸ் போட்டா முகாம்ல பிரச்சனை வரும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் கையெழுத்து செல்லாது. இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தத்தை, விபத்து நடந்தபோது அமலில் இருந்த 1923-ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே செல்லாததாக்கியிருக்கிறது (2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய சட்டம் வந்துவிட்டது). தொழிலாளி இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றும் அந்த 1923 சட்டத்தில் எங்கேயும் இல்லை. மேஸ்திரி ஓடிவிட்டாலும், கட்டிடம் கட்டுவதையே தொழிலாகச் செய்யும் பில்டர் பதில் சொல்லியாக வேண்டும்.

தொகையும் சின்னதில்லை. 2020 ஜனவரியில் அந்தச் சட்டத்தின் இழப்பீட்டுக் கணக்குக்கான மாதச் சம்பள வரம்பை 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்தக் கணக்கில் 30 வயதுத் தொழிலாளி இறந்துபோனால் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய் வரவேண்டும். மேஸ்திரிகள் பேசி முடிக்கும் தொகை இதற்குப் பக்கத்திலேயே வராது.

எங்களுக்கு நிஜமான சிக்கல் வேறு: அவன் அங்கே வேலை பார்த்தான் என்பதை நிரூபிப்பது. பில்டர் "எங்க ஆளே இல்லை" என்கிறார். வருகைப் பதிவு மேஸ்திரியின் பாக்கெட் நோட்டில். பையன் போனில் வாராவாரம் மேஸ்திரி ஜிபேயில் அனுப்பிய கூலி இருந்தது, அதுதான் எங்களுக்குப் பெரிய பலம். ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டிலும் "வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்தார்" என்று எழுதியிருக்கிறது. அடுத்த வாரம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரணை.

அதனால் உங்கள் தெருக்காரரிடமும் கூலி வந்த மெசேஜ், வேலை இடத்தில் எடுத்த போட்டோ, கூட வேலை செய்தவர்களின் நம்பர் எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல். டாக்டரிடம் எப்படி விழுந்தோம் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல். வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் பிறகு மாற்றப் பெரும்பாடு. அந்த 30 நாளில் எத்தனை போய்விட்டது என்று பார்த்து உடனே எனக்கு எழுது.

அன்புடன்,
செல்வம்