விழுந்தவரைக் கைவிடாத உங்களுக்கு

தலவாக்கலைப் பக்கத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மரண உதவிச் சங்கத்தாருக்கும், சிற்றாலயச் சபையாருக்கும், வரிசை வீடுகளான லயத்து உறவுகள் யாவருக்கும் கர்த்தருடைய நாமத்தில் வணக்கம்.

சங்கப் பணத்துக்குப் பொறுப்பாயிருந்த என் கணவர், அந்தப் பணத்தை எடுத்துக் குடியில் கரைத்தது நீங்கள் எல்லோரும் அறிந்ததே. அவருடைய சம்மதத்தோடுதான் அதை இங்கே எழுதுகிறேன். எதற்காக நன்றி சொல்கிறேன் என்பதை மூடிமறைத்தால் அது நன்றியாகாது.

என் முதல் நன்றி சங்கத் தலைவர் அண்ணனுக்கு. பொலிசுக்குப் போகவும், காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்களத்தில் பெயர் சொல்லி நிறுத்தவும் அவருக்கு முழு உரிமை இருந்தது. அவரோ ஒரு மாலையில் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்து, கணக்குப் புத்தகத்தை விரித்துக் குறைந்த தொகையைக் காட்டி, "இதைக் கூட்டத்தில் நீயே சொல்ல வேண்டும் தம்பி" என்று மட்டும் கூறிவிட்டுப் போனார். தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி நேரில் போய் உண்மையைச் சொன்னதை 2 சாமுவேல் 12 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அம்மன் கோயில் பரிபாலன சபையில் இருக்கும் ஒருவரே அந்த ஊழியத்தை எங்கள் வீட்டில் செய்தார் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

சங்கத்தில் பணம் இல்லாமற்போனதால், தகப்பனுடைய இறுதிச் சடங்குக்கு வட்டிக்குக் கடன்பட நேர்ந்த மேட்டு லயத்துக் குடும்பத்தாருக்கு எப்படி நன்றி சொல்வேன்? அவர்கள் உடனே மன்னிக்கவில்லை. அதற்காகவும் நன்றி சொல்கிறேன். "காசையும் வட்டியையும் கொடுத்துவிட்டு வந்து பேசச் சொல்" என்று அந்த அக்கா சொல்லியனுப்பிய சொல்தான் என் கணவரைச் சகேயுவின் வழியில் நிறுத்தியது. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்று சகேயு எல்லோர் முன்னும் சொன்ன பிறகே, இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னதாக லூக்கா எழுதுகிறார். ஆலயத்தில் கண்ணீர் விட்டுவிட்டு, நம்மால் பாதிக்கப்பட்டவரின் முகத்தைப் பாராமல் ஒதுங்கிப்போகிற மனந்திரும்புதல் எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை.

உபதேசியார் ஐயாவைப் பற்றி எழுதினால் தாள் போதாது. தோட்டத் தமிழர் மத்தியில் 1854 இல் அங்கிலிக்கன் மிஷன் ஊழியம் தொடங்கிய கோப்பிக் காலத்தில், உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்தே போனார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நடையை இவர் விடவில்லை. பிரட்டுக்கு முந்தின இருட்டில் பனியோடு பனியாக வந்து, அடுப்படியில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து, 51 ஆம் சங்கீதத்தை வசனம் வசனமாக என் கணவரோடு வாசித்தார். "நிலைவரமான ஆவியை என் உள்ளத்திலே புதுப்பியும்" என்ற இடத்திலேயே இருவரும் பல நாள் நின்றார்கள். என் கணவர் மறுபடியும் குடித்துவிட்டு வந்த இரவுக்கு அடுத்த காலையிலும் ஐயா வந்தார். விட்ட இடத்திலிருந்தே வாசிக்கச் சொன்னார். பிறகு யோவான் 21 ஆம் அதிகாரத்துக்கு வந்தார்கள். கரிநெருப்பின் அருகே நின்று மூன்று முறை மறுதலித்த பேதுருவை, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் கரிநெருப்புப் போட்டு வைத்துச் சாப்பிட அழைத்தார். ஏன் மறுதலித்தாய் என்று கேளாமல், என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, ஆடுகளை ஒப்படைத்தார். அதை வாசித்த காலையில்தான் மேட்டு லயத்துப் படியேற என் கணவருக்குத் துணிவு வந்தது.

வாலிபர் கூட்டத்தை மறுபடியும் என் கணவரே நடத்தட்டும் என்று சிலர் அன்பினால் அவசரப்பட்டபோது, குருவானவர் இணங்கவில்லை. கிளைகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியில் முதல் துளிரைக் கண்டதும் யாரும் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை என்று சொல்லி, ஆலயம் கூட்டுகிற வேலையையும், ஜெபக்கூட்டத்துக்குப் பாய் விரிக்கிற வேலையையும் கொடுத்தார். மன்னிப்பு ஒரு நாளில் கிடைத்தாலும், சீஷனாகப் பழகுவதற்குக் காலம் வேண்டும் என்பதை அந்தத் தீர்மானத்தில்தான் கண்டேன். அதைவிடப் பெரிய அன்பை அவருக்கு யாரும் செய்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

பிள்ளைகளின் கொப்பிகளுக்கும் எங்கள் அடுப்புக்கும் குறைவராமல் பார்த்துக்கொண்ட மாதர் சங்கத்து அக்காமாருக்கும், கவ்வாத்து வேலை முடிந்து வரும் பின்னேரங்களில் மரக்கறித் தோட்டத்தில் அவருக்குக் கூலி வேலை கொடுத்தவருக்கும் என் நன்றி.

மேட்டு லயத்தாருக்குரியது வட்டியோடு தீர்ந்துவிட்டது. சங்கத்துக்குரிய மீதியை ஒவ்வொரு சம்பள நாளிலும் தலைவர் அண்ணன் கையிலேயே கொடுத்து வருவோம். வருகிற மாதத்துத் திருவிருந்து ஆராதனையில் என் கணவர் மீண்டும் பந்தியில் சேர்கிறார். அன்று மத்தியானம் சங்கத்தாரும் சபையாரும் எங்கள் வீட்டில் சாப்பிட வரவேண்டும் என்று இருவருமாக அழைக்கிறோம். மேட்டு லயத்து அக்கா குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் சகோதரி