கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

கண்ணா,

17 நாளாக உன்னிடமிருந்து போன் இல்லை. வேலை அதிகமாக இருக்கும், சரி. ராத்திரியில் தனியாக வெளியே போகாதே. அப்பாவுக்கு மூட்டுவலி அப்படியேதான். அக்கா விஷயம் அப்புறம் எழுதுகிறேன்.

போன தடவை, காணாமல் போனவர்களின் பட்டியல் எடுக்கிறேன் என்று நீ சொன்னபோது, "உயிரைக் கொடுத்து யாருக்கு என்ன ஆகப் போகிறது" என்று உன்னிடம் கத்திவிட்டேன். நீ விட்டுப்போன அந்த அர்ஜென்டினா கட்டுரையை அப்புறம்தான் படித்தேன். 1977 ஏப்ரலில் 14 பெண்கள், ராணுவ ஆட்சி கொண்டுபோன பிள்ளைகள் எங்கே என்று கேட்டு தலைநகரில் இருக்கிற மாயோ சதுக்கத்தில் போய் நின்றிருக்கிறார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது என்று போலீஸ் விரட்டியதும் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நடக்க ஆரம்பித்திருக்கிறார்கள். நான் கொள்கை பேசுகிறவர்கள்தான் இதற்கெல்லாம் போவார்கள் என்று நினைத்திருந்தேன். இவர்களில் பலர் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். உன் பிள்ளையை நாங்கள் பார்க்கவே இல்லை என்று பெற்றவளிடமே சொன்னால் அவள் எப்படி வீட்டில் உட்காருவாள்? அவர்களில் ஒருத்தி, அசுசேனா வில்லாஃப்ளோர், தன் மகன் நெஸ்டரைத் தேடித்தான் வந்தாள். அதே வருஷம் டிசம்பர் 10, காணாமல் போனவர்களின் பெயர்கள் பத்திரிகையில் வந்த அன்றே அவளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எலும்புகளை அடையாளம் கண்டது 2005இல். மிஞ்சியவர்கள் மறுபடியும் சதுக்கத்துக்கு வந்தார்கள்.

உன்னை நினைத்துப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அசுசேனாவுக்கு 4 பிள்ளைகள் கண்ணா, மற்ற 3 பேரையும் அவள் நினைத்திருக்க மாட்டாளா? நீ எங்களை நினைக்கிறாயா? தனியாக மட்டும் போகாதே.

எதிர்வீட்டுப் பையனைக் கொண்டுபோன ராத்திரி அப்பா எழுந்து கதவருகே போனார். அவர் கையைப் பிடித்து இழுத்து விளக்கை அணைத்தது நான். மறுநாள் அவன் அம்மா வந்து, "வண்டி எண்ணையாவது பார்த்தீர்களா" என்று கேட்டாள். நாங்கள் தூங்கிவிட்டோம் என்றேன். நீ பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாய், அப்போது உனக்கு எட்டு வயசு, ஏன் பொய் சொன்னாய் என்று என்னிடம் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

பார்த்தேன். அன்றே மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதி வைத்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன், அதனால்தான் தபாலில் போடாமல் ஆள் மூலம் அனுப்புகிறேன். உன் பட்டியலில் அவன் பெயர் இருந்தால் இதைச் சேர்த்துக்கொள். யார் பார்த்தது என்று கேட்டால் என் பெயரைப் போடு. அவன் அம்மாவிடம் நாளைக்கு நானே போய்ச் சொல்கிறேன்.

ஒரு நிமிஷமாவது போன் செய்.

அம்மா