குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடியிருப்புப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

லிஃப்ட் பராமரிப்பு, குடிநீர் மோட்டார், வண்ணப்பூச்சு பற்றிய விவரங்கள் சுற்றறிக்கைகளில் வந்துவிட்டன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்க அறையில் இயங்கும் கணினிக் குழுவைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. ஏழாம் தலைமுறை வரையிலான இன்டெல் சிப் கொண்ட கணினிகள் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட அத்தகைய சிறிய பெட்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, எந்நேரமும் ஓடி மற்றக் கணினிகளுக்குக் கோப்புகளை வழங்கும் சர்வராக்கினோம். இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் என்ற மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் அதில் இருப்பதால், இணையம் போனாலும் பிள்ளைகள் படிக்க முடிகிறது.

வீட்டில் சர்வர் வைக்க நினைப்போர் விலைக்கு முன் வாட்டைக் கேளுங்கள். இரவும் பகலும் ஓடும் பொருள் அது. 10 வாட் இழுக்கும் பெட்டிக்கு 60 நாளில் 14.4 யூனிட் ஆகும். 80 வாட் இழுக்கும் பழைய டவர் என்றால் 115 யூனிட். மின்வாரியம் இரண்டு மாதத்துக்குத் தரும் இலவச யூனிட்டில் பெரும்பகுதியை அது ஒன்றே தின்றுவிடும். இனாமாக வந்தாலும் அதை வாங்கி வைக்காதீர்கள்.

வைஃபை புகார்கள் இந்த ஆண்டும் நிறைய. 5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வழக்கமாகப் பயன்படுத்தும் சேனல்கள் (அலைவரிசைப் பிரிவுகள்) 1, 6, 11. மேல்வீடும் கீழ்வீடும் பேசிப் பிரித்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது. டிவி, சர்வர் போல நகராத பொருள்களுக்குக் கேபிளே சரி. கேட் 5இ என்ற வகை நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகம் தரும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்குங்கள்.

வெளியூரிலிருந்து வீட்டு சர்வரைப் பார்க்க வேண்டுமென்று ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியார் நுழையக்கூடிய வழியை, திறந்து விடாதீர்கள். பாதுகாப்பான தனிவழி (விபிஎன்) அமைக்கும் வயர்கார்டு அல்லது அதன்மேல் இயங்கும் டெயில்ஸ்கேல் போதும். பொது ஐபி முகவரி தராத இணைப்புகளிலும் டெயில்ஸ்கேல் வேலை செய்யும்.

மாணவர்களுக்கு நடத்திய பைத்தான் நிரல்மொழி வகுப்பு எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது. பாடப் பயிற்சிகளை ஓரளவோடு நிறுத்திவிட்டு, நம் சந்தா பாக்கிப் பட்டியலையே அவர்களிடம் கொடுத்தோம். பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போதுதான் உண்மையான கேள்விகள் எழுந்தன. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் 5 என்று பைத்தான் சொன்னது. மூன்றெழுத்துதானே என்று ஒரு மாணவி விடாமல் கேட்டாள். இகரக் குறியையும் புள்ளியையும், கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யுனிகோடு முறை தனித்தனியாக எண்ணுவதை அன்று எல்லோரும் கற்றார்கள். தேவையான வேலை ஒன்று கையில் இருந்தால் நிரல் எழுதும் ஆர்வம் தானே வருகிறது. பெற்றோர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

ஒரு குறை உள்ளது. மாணவர்களின் நிரல்களும் சங்கக் கோப்புகளும் இன்னும் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அதே பெட்டிக்குள் இரண்டாவது டிஸ்க் போட்டு, இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு முறையை அமைத்தாலும் அது பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அழிந்துவிடும். ஆகவே வெளி டிஸ்க் ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை நகலெடுத்து, சங்க அறைக்கு வெளியே ஓர் உறுப்பினர் வீட்டில் வைக்கப் பொதுக்குழு ஒப்புதல் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்