இடப்பக்கம் திரும்பி நின்றால் ஸ்லைஸ் போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் பொதுமக்களுக்கான ஒரே 18 குழித் திடலாக இருந்த மரினா பே கோல்ஃப் திடல் 2024ல் மூடப்பட்டபின், மன்ற உறுப்பினர் அல்லாதோருக்குப் பெரும்பாலும் டிரைவிங் ரேஞ்ச் எனும் பந்தடிப் பயிற்சி இடம்தான் கதி. அங்கே டிரைவர் எனும் நீண்ட மட்டையால் அடிக்கும் பந்து வலப்பக்கம் வளைந்தோடும்போதெல்லாம் (இதைத்தான் ஸ்லைஸ் என்கிறோம்) ஓர் இலவச ஆலோசனை கிடைக்கும்: “கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி நில்லுங்க.” ஸ்லைஸை வளர்ப்பதே இந்த ஆலோசனைதான்.

வலக்கை ஆட்டக்காரர்களுக்காகச் சொல்கிறேன். பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் மட்டை முகம் முடிவுசெய்கிறது. மட்டை வீசிவரும் பாதைக்கு அந்த முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். இடப்பக்கம் திரும்பி நின்றால் பாதையும் இடப்பக்கம் போகிறது; முகத்துக்கும் பாதைக்கும் இடையே கோணம் இன்னும் விரிகிறது. டிரைவரின் முகம் அதிகம் சாயாமல் நிமிர்ந்திருப்பதால், முகம் நன்றாகச் சாய்ந்த 9 அயர்ன் மட்டையில் தெரியாத அதே தவறு இதில் பூதாகரமாகத் தெரியும்.

எனவே பந்து கிளம்பும் திசையை முதலில் பாருங்கள். வலப்பக்கமே கிளம்பி மேலும் வலப்பக்கம் போனால் கோளாறு முகத்தில்; பிடியைத் திருத்த வேண்டும். குனிந்து பார்க்கும்போது இடக்கையில் இரண்டு, முடிந்தால் மூன்று விரல் கணுக்கள் தெரியட்டும். பலர் பிடித்த பிடியை விடாமல் கைகளைத் திருப்புகிறார்கள். மட்டை முகமும் கூடவே திரும்பிவிடும், அடிக்கும்போது பழைய இடத்துக்கே வந்துவிடும். முகத்தை நேராகத் தரையில் வைத்து, கையை எடுத்து, புதிதாகப் பிடிக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கையுறை நனைந்ததும் பிடி இறுகும், மணிக்கட்டு விறைக்கும். மாற்றுக் கையுறை ஒன்று பையில் இருக்கட்டும்.

இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால் பாதையே கோணல். பந்தை இடது குதிகாலின் உட்புறத்துக்கு நேராக வையுங்கள்; அதைவிட முன்னால் வைத்தால் தோள் திறந்துகொள்ளும். பிறகு டிரைவரின் தலையுறையைப் பந்துக்கு ஒரு சாண் பின்னால், பந்தின் கோட்டுக்கு அந்தப்புறம் (நீங்கள் நிற்கும் பக்கம் அல்ல) நான்கு விரல் தள்ளி வையுங்கள். அதைத் தட்டாமல் பாதி வேகத்தில் 20 பந்து அடியுங்கள். தண்ணீர்ப் புட்டியை வைக்க வேண்டாம். பக்கத்து ஆட்டக்காரர் மீது பறக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் வளைந்தால், மட்டை முகத்தில் வெள்ளைப்பலகை மார்க்கரைப் பூசி அடியுங்கள். பந்து பட்ட இடத்தில் மை அழிந்திருக்கும். அழிந்த தடம் தண்டை ஒட்டிய பக்கத்தில் இருந்தால், பிடியும் பாதையும் சரியாக இருந்தாலும் பந்து வலப்பக்கம் திரும்பும். பந்திலிருந்து இன்னும் அரை அங்குலம் தள்ளி நின்று பாருங்கள். பல நூறு வெள்ளிக்குப் புது டிரைவர் வாங்குவது இதற்கெல்லாம் பிறகுதான்.

வாசகர்,
ஈசூன்