துலா மிதிக்க வந்த அப்பப்பா

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கதை கிடைத்தது. செத்துப்போன அப்பப்பா விடியற்காலையில் வந்து, கிணற்றில் தண்ணீர் இறைக்கத் துலா மிதிப்பதாக எழுதியதைப் பார்த்து, இது சிறுகதையா, நினைவுக்குறிப்பா, மாயக்கதையா என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டதற்கு நீ இவ்வளவு கலங்கத் தேவையில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில், குதிரைமுகச் சோழ இளவரசி கீரிமலையில் நீராடி முகம் மாறுவதும் யாழ்ப்பாண மன்னர்களின் ஆட்சி வரிசையும் ஒரே நூலில், ஒரே குரலில் வருகின்றன. அதிலே ஆண்டுக்கணக்குத் தேடி மல்லுக்கட்டியவர்களின் பாடு வேறு.

நம்பமுடியாததை அன்றாட நடப்புப்போலச் சொல்லும் எழுத்துக்கு வழங்கும் மாய யதார்த்தம் என்ற பெயரே இலக்கியத்திற்கு இரவலாக வந்தது. 1925 இல் யேர்மனிய விமர்சகர் பிரான்ஸ் ரோ அதை ஓவியங்களுக்குத்தான் வைத்தார். 1967 இல் வெளியான, கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலில் ரெமெடியோஸ் என்ற பெண் விரிப்புகளோடு வானேறுகிறாள். வீட்டில் இருக்கும் பெர்னாந்தாவுக்கோ தன் விரிப்புகள் போய்விட்டனவே என்ற கவலை. அந்தக் கவலையால்தான் நாம் வானேற்றத்தை நம்புகிறோம். வண்ணத்துப்பூச்சிகளைத் தூவிவிட்டு மாயம் என்று அறிவிக்கும் கதைகளில் இல்லாதது இதுதான். அதே நாவலில் வாழைத்தோட்டத் தொழிலாளர்மீது இராணுவம் சுடுகிறது, பிறகு அப்படியொன்றும் நடக்கவில்லை என்று ஊரே சொல்கிறது. அந்தச் சூட்டுக்கு அடிப்படையாக, 1928 இல் கொலம்பியாவின் சியேனகாவில் உண்மையாகவே ஒரு படுகொலை நடந்தது. நம்பமுடியாதது வானேறியவளா, இந்த மறுப்பா? யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிப்பவனுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

ஆகவே உன் கதைக்கு எந்தப் பெயரையும் அவர்கள் போடட்டும். ஆனால் அப்பப்பா வரும் இடங்களில் ‘கனவுபோல இருந்தது’ என்று எழுதியிருக்கிறாயே, அதை வெட்டிவிடு. அது நீயே வாசகரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கிறது. இன்னொன்று, இதுதான் பெரிய குறை: அவர் துலாவில் ஏறி மிதிக்கிறார், வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் பாய்கிறது என்கிறாய். கிணற்றடியில் தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடித்து ஊற்ற ஒருவர் வேண்டும், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற இன்னொருவர் வேண்டும். செத்தவர் வந்ததை இங்குள்ளவர்கள் நம்புவார்கள். ஒருவர் தனியே துலா இறைத்ததை ஒருவரும் நம்பமாட்டார்கள். பட்டை பிடிக்க என்னை நிறுத்து, தண்ணீர் மாறப் பெரியப்பாவை விடு. நாங்கள் அவரோடு வெங்காய விலையைக் கதைத்தபடி இறைக்கிறோம்.

அன்புடன்,
அப்பா