செயலாளர் ஆண்டறிக்கை: மைனர் ஸ்கேலோட மல்லுக்கட்டுன வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் இப்பவே கண்ண காட்டுறாரு, சீக்கிரம் முடின்னு. முயற்சி பண்றேன் சார். ஆனா இந்த வருஷம் நம்ம இசை ஆசிரியர் சங்கத்துல எந்தக் கூட்டத்த எடுத்தாலும் பேச்சு சுத்திச் சுத்தி ஒரே இடத்துலதான் வந்து நின்னுச்சு, சின்னப் பசங்களுக்கு மேற்கத்திய இசையோட மைனர் ஸ்கேல, அதாவது மேஜர்ங்கற ஸ்வர வரிசைக்கு ஜோடியா இருக்கற இன்னொரு வரிசைய, எப்படி சொல்லிக் குடுக்கறதுன்னு, அதனால அறிக்கையும் அதப் பத்தியேதான் இருக்கும். மாசக் கூட்டம் ரெண்டு தடவ தள்ளிப்போச்சு, மத்தபடி ஒழுங்கா நடந்துச்சு. வரவு செலவு எனக்கப்புறம் பொருளாளர் வாசிப்பாரு.

எல்லாம் ஆரம்பிச்சது தியரி பேப்பர் திருத்தும்போது. மேஜர் வரைக்கும் தடுமாற்றமே இல்லாம எழுதுன பசங்க, ஏ மைனர் ஹார்மானிக் (ஏழாவது நோட்ட ஏத்தின மைனர்) எழுதுன்னா ஜி ஷார்ப்ப, அதாவது ஏத்தின ஜியோட குறிய, அந்த நோட்டு பக்கத்துல போடாம, வரித் தொடக்கத்துல மொத்தமா குறி போடற கீ சிக்னேச்சர்லயே கொண்டுபோய் ஒட்டி வச்சிருந்தாங்க. இன்னும் சில பேர் சி மைனர்ல ஏழாவது நோட்டுக்கு பி ஷார்ப் போட்டிருந்தாங்க. அங்க பி ஏற்கனவே ஃப்ளாட், அதாவது ஒரு செமிடோன் (பியானோல பக்கத்துக் கட்டை அளவு) இறக்குனது, ஒரு செமிடோன் ஏத்தினா ஏத்தாத இறக்காத பி, பி நேச்சுரல்தான் வரும், ஷார்ப் எங்கேர்ந்து வந்துச்சு? நம்மகிட்டேர்ந்துதான் வந்துச்சு. "ஏழாவதுக்கு ஷார்ப் போடு"ன்னு வருஷக்கணக்கா சொன்னது நாமதான், நானும் அதுல அடக்கம். அந்த வாக்கியத்தையே வகுப்புல சொல்றதில்ல, "ஒரு செமிடோன் ஏத்து"ன்னு மட்டும்தான் சொல்றதுன்னு முதல் கூட்டத்துலயே முடிவாச்சு, அதுல யாருக்கும் மறுப்பு இல்ல.

சண்ட வந்தது அடுத்த கூட்டத்துல. மைனர எங்கேர்ந்து தொடங்கறது? பாதிப் பேர் ரிலேட்டிவ் கட்சி: சி மேஜரோட ஆறாவது நோட்லேர்ந்து கிளம்பு, ஏ மைனர் வந்துடும், கீ சிக்னேச்சரும் அதே, புதுசா எதுவும் மனப்பாடம் பண்ண வேணாம். மீதிப் பேர் பேரலல் கட்சி: சி மேஜரையும் சி மைனரையும் அடுத்தடுத்து வாசி, 3, 6, 7 மூணும் இறங்குறது காதுலயே விழும்னாங்க. பேச்சு முடியறதுக்குள்ள இருட்டிடுச்சு. என் அபிப்பிராயம், எழுதறதுக்கு ரிலேட்டிவ், கேக்கறதுக்கு பேரலல். ரிலேட்டிவ் மட்டும் படிச்ச குழந்த ஏ மைனர வாசிக்கும்போது மனசுக்குள்ள சி மேஜரதான் கேக்குது, எதுல முடிக்கணும்னே அதுக்குத் தெரியல. கடைசியில முதல்ல காது, அப்புறம் பேப்பர்னு ஒத்துக்கிட்டாங்க, முழு மனசோடன்னு சொல்ல மாட்டேன்.

இந்த வருஷத்தோட பெரிய முடிவுன்னா, மைனரோட மூணு வகை, எதையும் ஏத்தாத நேச்சுரல், ஹார்மானிக், மெலோடிக் மூணையும் ஒரே நாள்ல போர்டுல எழுதிப் போடறத நிறுத்தினதுதான். மூணையும் சேத்துக் குடுத்தா அது மூணு லிஸ்ட்டு, தேர்வு முடிஞ்ச அன்னிக்கே மறந்துடும். அதுக்குப் பதிலா ஒவ்வொண்ணும் ஏன் வந்துச்சுன்னு காட்டறோம். ஈ, ஜி, பி மூணையும் சேத்து அமுக்கி அங்கேர்ந்து ஏ மைனர் கார்டுக்கு (ஏ, சி, ஈ சேர்ந்த ஒலிக்கு) வந்தா முடிஞ்ச மாதிரியே இருக்காது, ஏதோ பாதியில எழுந்து போன மாதிரி இருக்கும். ஜிய ஜி ஷார்ப் ஆக்கிட்டு அதையே வாசிச்சா பசங்களே "ஆங், இப்ப சரி"ங்கறாங்க. ஏழாவது நோட்டு மேல இருக்கற ஏ-வ ஒட்டி நின்னு இழுக்குது, ஹார்மானிக் மைனர் பொறந்த கத அவ்வளவுதான். அடுத்த வாரம் அதையே பாடச் சொல்றோம். எஃப்லேர்ந்து ஜி ஷார்ப்புக்கு மூணு செமிடோன் தாண்டணும், பாதிப் பசங்க அங்க வழுக்குவாங்க, வழுக்கட்டும். எஃப்பையும் ஏத்திப் பாருன்னா தாண்டல் போயிடும், மெலோடிக் மைனர் கையில வந்துடும். ஏறும்போது அது மேஜர்தான், மூணாவது நோட்டு மட்டும் கீழ. இறங்கும்போது மேல இழுக்க வேண்டிய வேல இல்ல, அதனால ஜியும் எஃப்பும் பழையபடி நேச்சுரல். அந்த நேச்சுரல் குறிய எழுத மறக்கறது இன்னும் குறையல, அத ஒத்துக்கணும்.

கர்நாடக சங்கீதம் தெரிஞ்ச பசங்களுக்கு இன்னொரு குறுக்குவழி கெடச்சுது. ராகமா சொன்னா நேச்சுரல் நடபைரவி, ஹார்மானிக் கீரவாணி, மெலோடிக்னா ஏறும்போது கௌரிமனோகரி இறங்கும்போது நடபைரவி. மூத்த உறுப்பினர் ஒருத்தர் எழுந்து, ராகம்னா வெறும் ஸ்வர வரிச இல்லம்மா, ஸ்வரத்த அசைச்சுப் பாடற கமகம் எங்க போச்சுன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஸ்வரம் ஒப்பிட மட்டும்தான், அதுக்கு மேல இல்லன்னு குறிப்புல எழுதியாச்சு.

"மைனர்னா சோகம்"னு சொல்றதையும் குறைக்கச் சொல்லியிருக்கோம். வேகமான மைனர் டான்ஸ் பீஸ் ஒண்ணு வாசிச்சுக் காட்டினா அந்தப் பேச்சே அடிபட்டுப் போகுது, மெதுவான மேஜர் பாட்டு கேட்டதும் பசங்க இது மைனர்தான்னு கை தூக்கறதும் நாம அப்படிச் சொல்றதாலதான்.

வருஷத்தோட நல்ல கேள்வி ஒரு குட்டிப் பொண்ணு கேட்டது: டி ஷார்ப் மைனரும் ஈ ஃப்ளாட் மைனரும் பியானோல ஒரே கீ தானே மிஸ், ரெண்டு பேரு எதுக்கு? ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், 12 மேஜர் 12 மைனர்னு 24 ஸ்கேலுக்கும் ப்ரெலூட், ஃபியூக்னு ஜோடி ஜோடியா பீஸ் எழுதி 1722ல தொகுத்த தொகுப்புல 8ஆவத எடுத்துக் காட்டினோம், ப்ரெலூட் ஈ ஃப்ளாட் மைனர், ஃபியூக் டி ஷார்ப் மைனர். ஒண்ணுக்கு ஆறு ஃப்ளாட், இன்னொண்ணுக்கு ஆறு ஷார்ப். "அவரு பசங்கள சோதிச்சிருக்காரு"ன்னுச்சு, நாங்க மறுக்கல.

அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போட்டது டபுள் ஷார்ப், அதாவது ரெண்டு செமிடோன் ஏத்தறது. ஜி ஷார்ப் மைனர்ல ஏழாவத ஏத்தினா எஃப் டபுள் ஷார்ப், பசங்க ஜி நேச்சுரல்னு எழுதறாங்க, சத்தம் ஒண்ணுதான், ஆனா எஃப்னு ஒரு எழுத்தே ஸ்கேல்ல இல்லாமப் போயிடுது. இத எந்த வயசுல ஆரம்பிக்கறதுன்னு ரெண்டு கருத்து இருக்கு, முதல் கூட்டத்துல எடுத்துக்கலாம், வரும்போது பழைய பேப்பர் கொண்டுவாங்க. பொருளாளர் சார், மைக் உங்களுக்கு.